திருவண்ணாமலை போர்டுக்கு எந்த ஃபாண்ட்?

தாத்தா வேலை பார்த்த திருவண்ணாமலை ஸ்டேஷனை 1975 வாக்கில் இருந்தபடி மாடலாகச் செய்கிறீர்கள், மீட்டர் கேஜ் தண்டவாளமும் கட்டடமும் முடிந்துவிட்டன, பெயர்ப்பலகை மட்டும் பாக்கி. "இந்தியன் ரயில்வேயின் தமிழ் ஃபாண்ட்" எங்கே கிடைக்கும், அதை வடிவமைத்தது யார், ஏன் மஞ்சள் என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்வி மாதிரி தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான். லண்டன் அண்டர்கிரவுண்டுக்கு என்று ஒருவர் உட்கார்ந்து எழுத்து வரைந்தாரே, அப்படி நம் ரயில்வேக்காக யாராவது தமிழ் எழுத்து வரைந்தார்களா? 1975இல் அப்படி எதுவும் கிடையாது. உங்கள் தாத்தா தினமும் பார்த்த அந்த போர்டை எழுதியது ஒரு பெயிண்டர். அவர் கையில் ஃபாண்ட் இருந்ததில்லை, பிரஷ்தான் இருந்தது. அதனால் நீங்கள் தேடும் ஃபைல் கிடைக்காது. ஆனால் அந்த போர்டு எப்படி இருந்திருக்கும் என்று ஓரளவு நெருக்கமாகச் சொல்ல முடியும், சொல்கிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. 1983இல் விழுப்புரம் பக்கம் ஒரு ஆர்ட்ஸ் கடையில் பிரஷ் கழுவ ஆரம்பித்தவன். கடை போர்டு, லாரி நம்பர், கட்சிச் சுவர், கல்யாண மண்டபம் என்று எல்லாம் எழுதியிருக்கிறேன். ரயில்வே வேலை நேரடியாக வந்ததில்லை, கான்ட்ராக்டருக்குக் கீழே எங்கள் வாத்தியார், வாத்தியாருக்குக் கீழே நான். தமிழும் ஆங்கிலமும் என் கையில் ஓடும். இந்தியைப் பார்த்து வரைவேனே தவிரப் படிக்கத் தெரியாது, அதனால் அந்த எழுத்தைப் பற்றி நான் சொல்வதை வெளியாள் பேச்சாக எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுச் சமாசாரம் எல்லாம் பிற்பாடு வினைல் கட்டிங் மெஷின் வந்து கை சும்மா இருந்த காலத்தில் ஆர்வத்தில் படித்தது.

முதலில் எது உறுதி என்று சொல்லிவிடுகிறேன். மஞ்சள் பின்னணி, கறுப்பு எழுத்து. மேலே மாநில மொழி, நடுவில் இந்தி, கீழே ஆங்கிலம். மூன்றும் ஒரே அளவு. பிளாட்பாரத்தின் இரு முனையிலும் பெரிய பலகை. இவ்வளவும் விதி, இதில் யாரும் கை வைக்க முடியாது. எழுத்தின் உருவம் எங்கள் பாடு. எங்களுக்குக் கிடைத்தது ஒரு துண்டுச் சீட்டு, அதில் ஊர்ப் பெயர் மூன்று மொழியிலும் கையால் எழுதியிருக்கும். அந்த 'கு' எவ்வளவு வளைய வேண்டும், அந்த 'ழ' எங்கே முடிய வேண்டும் என்று யாரும் சொன்னதில்லை. மேற்பார்வைக்கு வரும் ஐ.ஓ.டபிள்யூ., அதாவது ரயில்வே கட்டட வேலைகளைப் பார்க்கும் இன்ஸ்பெக்டர், டேப் வைத்து உயரத்தை அளப்பார், எழுத்துப் பிழை இருக்கிறதா என்று ஸ்டேஷன் மாஸ்டரைக் கேட்பார், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார்.

லண்டனில் நடந்தது இதற்கு நேர் எதிர், அதைக் கொஞ்சம் விரிவாகச் சொன்னால்தான் நம் கதை புரியும். அங்கே அந்தக் காலத்து ஸ்டேஷன் சுவர் முழுக்க சோப்பு, மருந்து, டீ என்று விளம்பரம். வண்டி நின்றதும் எட்டிப் பார்ப்பவனுக்கு எது ஊர்ப் பெயர், எது சோப்புப் பெயர் என்று புரியாது. அதற்குத்தான் 1908இல் சிவப்பு வட்டின் குறுக்கே நீலப் பட்டை வைத்து, அந்தப் பட்டையில் பெயரை எழுத ஆரம்பித்தார்கள். அடுத்து ஃபிராங்க் பிக் என்ற அதிகாரி, நம் அறிவிப்பை யாரும் விளம்பரம் என்று நினைத்துவிடக் கூடாது, அதற்கு எழுத்தே வேறாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்து, எட்வர்ட் ஜான்ஸ்டன் என்ற கையெழுத்துக் கலைஞரிடம் போனார். 1916இல் அந்த எழுத்து வந்தது. சுற்றிவளைக்காத கட்டை எழுத்து, 'ஓ' கிட்டத்தட்ட காம்பஸ் வைத்த வட்டம், சின்ன 'ஐ'-க்கு மேல் புள்ளிக்குப் பதிலாக ஒரு சாய்சதுரம். அந்தச் சாய்சதுரத்தை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தட்டை முனைப் பேனாவைச் சாய்த்துப் பிடித்து ஒரு குத்துக் குத்தினால் அதுதான் வரும். மனுஷன் இயந்திர எழுத்து வரைந்தபோதும் கைப் பழக்கம் அங்கே மட்டும் எட்டிப் பார்த்துவிட்டது. அவரிடம் படித்த எரிக் கில் வரைந்த கில் சான்ஸ் என்ற எழுத்தை 1929இல் எல்.என்.இ.ஆர். என்ற ரயில் கம்பெனி எடுத்துக்கொண்டது. டைம்டேபிளில் இருந்து எஞ்சின் பெயர்ப்பலகை வரை அதே எழுத்து. 1948இல் கம்பெனிகள் எல்லாம் ஒன்றாகி பிரிட்டிஷ் ரயில்வே ஆனதும் பலகைகளுக்கு மண்டலத்துக்கு ஒரு நிறம் கொடுத்தார்கள். தெற்குக்குப் பச்சை, மேற்குக்கு சாக்லேட் பழுப்பு, ஸ்காட்லாந்துக்கு வெளிர் நீலம் இப்படி. 1965இல் அதையும் துடைத்துவிட்டு, ஜாக் கின்னியரும் மார்கரெட் கால்வர்ட்டும் வரைந்த ரெயில் ஆல்ஃபபெட் என்ற ஒரே எழுத்து வந்தது. அவர்கள் செய்த வேலையில் எனக்கு ரொம்பப் பிடித்தது எழுத்தைவிட அதன் இடைவெளி. ஒவ்வொரு எழுத்தையும் அதற்கான காலி இடத்தோடு ஒரு ஓடு மாதிரி எண்ணி, ஓட்டுக்குப் பக்கத்தில் ஓட்டை வைத்தால் இடைவெளி தானாகச் சரியாக விழும்படி செய்தார்கள். பலகை செய்கிறவனுக்குக் கண் அளவு தெரிந்திருக்க வேண்டியதில்லை. எனக்கு அந்தக் கண் அளவு வர நாலு வருஷம் ஆனது.

ஜெர்மனியில் இது இன்னும் முன்பே நடந்திருக்கிறது. பிரஷ்யா அரசு ரயில்வே 1905இல் வண்டிகளின் மேல் எழுத மாதிரி எழுத்து வரைந்து எல்லாப் பட்டறைக்கும் கொடுத்தது. ஒரு வேகன் ஒரு ஊரில் பெயிண்ட் ஆகி இன்னொரு ஊரில் ரிப்பேர் ஆகும், எங்கே போனாலும் எழுத்து ஒரே மாதிரி இருக்க வேண்டும், அவ்வளவுதான் காரணம். அதிலிருந்து கிளம்பியதுதான் 1936இல் தரமாக்கப்பட்ட டி.ஐ.என். (DIN) என்ற ஜெர்மன் தர எழுத்து, இன்றைக்கும் ஜெர்மனியின் சாலைப் பலகைகளில் அந்தக் குடும்பம்தான். நியூயார்க் சப்வே கதை எனக்கு ரொம்ப நெருக்கமானது. 1966இல் மாசிமோ விக்னெல்லி, பாப் நோர்டா என்ற பெரிய ஆட்களின் கம்பெனியைக் கூப்பிட்டு பலகைத் திட்டம் போட்டார்கள். வரைபடத்தில் பலகையின் மேல் விளிம்பில் ஒரு கறுப்புப் பட்டை இருந்தது. பலகையை மாட்டும் இரும்புச் சட்டத்தைத்தான் அப்படிக் காட்டியிருந்தார்கள். போர்டு எழுதும் பட்டறைக்காரர்கள் அதுவும் டிசைனில் ஒரு பகுதி என்று நினைத்து எல்லாப் பலகையிலும் மேலே கறுப்புக் கோடு எழுதிவிட்டார்கள் என்று சொல்வார்கள். அந்தக் கோடு இன்றும் இருக்கிறது. எங்கள் ஆட்கள் எங்கே போனாலும் இப்படித்தான்.

சரி, நம் ஊருக்கு வருவோம். இங்கே ஏன் அப்படி ஒரு எழுத்து வரையவில்லை? இது என் கணிப்புதான், ஆவணம் எதுவும் பார்த்துச் சொல்லவில்லை. லண்டன்காரனுக்கு ஒரே லிபி. இங்கே 1951 ஏப்ரலில் மூன்று ரயில்வேக்களைச் சேர்த்துத் தெற்கு ரயில்வே என்று உருவாக்கியபோதே அதற்குள் தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் என்று நாலு லிபி, மேலே இந்தியும் ஆங்கிலமும். டெல்லியில் உட்கார்ந்து நிறத்துக்கு ஒரு விதி போடலாம், அளவுக்கு ஒரு விதி போடலாம். ஆனால் 'ழ' எப்படி வளைய வேண்டும் என்று விதி போட அங்கே யார் இருந்தார்கள்? உள்ளூர் பெயிண்டர் பார்த்துக்கொள்வான் என்று விட்டுவிட்டார்கள். பெயிண்டரும் பார்த்துக்கொண்டான்.

ஆனால் அந்த ஒரே அளவு என்ற விதி இருக்கிறதே, அதில்தான் தமிழ் அடி வாங்குகிறது. இதை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை, அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். ஆங்கிலத்தை போர்டில் பெரிய எழுத்தில்தான் எழுதுவோம். பெரிய எழுத்து எல்லாம் ஒரே உயரம், கோட்டுக்கு மேலேயும் போகாது, கீழேயும் இறங்காது. தமிழ் அப்படியா? 'தி'-க்கு மேலே கொக்கி, 'ரு'-வுக்குக் கீழே வால், 'ண்'-ணுக்கு மேலே புள்ளி. இப்போது ஒரு அடி உயரம் என்று சீட்டில் இருந்தால் அந்த ஒரு அடியை எங்கே அளப்பது? கொக்கியின் உச்சியிலிருந்து வாலின் நுனி வரை என்று அளந்தால் 'வ', 'ம' எல்லாம் அதற்குள் பாதிதான் வரும். தூரத்தில் இருந்து பார்த்தால் ஆங்கிலம் தடியாகவும் தமிழ் இளைத்துப் போயும் தெரியும். வெறும் 'வ'-வை ஒரு அடி என்று வைத்தால் கொக்கியும் வாலும் பக்கத்து வரியில் போய் இடிக்கும். எங்கள் வாத்தியார் ஒரு வழி வைத்திருந்தார். உடம்பை முக்கால் அடிக்குக் கொஞ்சம் கூட வைத்து, கொக்கியை மேலே தூக்காமல் வலது பக்கம் சாய்த்துப் படுக்கவைத்துவிடுவார், வாலைக் கீழே விடாமல் இடது பக்கம் திருப்பிவிடுவார். பழைய போர்டுகளில் 'தி'-யும் 'ரு'-வும் கொஞ்சம் நசுங்கின மாதிரி, கழுத்தைக் குனிந்து நிற்பதுபோல இருக்குமே, அதுதான் காரணம். பார்க்கிறவர்கள் அதை "ரயில்வே ஸ்டைல்" என்கிறார்கள். அது ஸ்டைல் இல்லை, இடப் பற்றாக்குறை. சுழி எழுத்துகளும் இதே பாடுதான். 'வ'-வுக்கு எடுக்கும் அதே பட்டை பிரஷ்ஷை வைத்து 'ண' எழுதினால் சுழிகளின் உள்ளே மஞ்சளே தெரியாமல் அடைத்துக்கொள்ளும். அதனால் 'ண', 'ஞ', 'ழ' வரும்போது மட்டும் பிரஷ்ஷைத் திருப்பி ஒரு இழை மெலிதாக இழுப்போம். கிட்டே போய்ப் பார்த்தால் தெரியும், தள்ளி நின்றால் எல்லாம் ஒரே தடிமன். வேகன்களில் ஸ்டென்சில் வைத்து ஆங்கிலக் குறி அடிக்கிறார்களே, அது தமிழுக்கு ஏன் ஒத்துவராது என்பதும் இதனால்தான். சுழியை வெட்டினால் நடுத்துண்டு கழன்று கீழே விழுந்துவிடும். அதைப் பிடித்துக்கொள்ளப் பாலம் விட்டால் எழுத்து வேறு எழுத்தாகிவிடும்.

உங்கள் மாடலுக்கு முக்கியமான விஷயம் இனிமேல்தான். 1978 அக்டோபரில் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டது. பெரியார் 1935லேயே தன் குடி அரசு பத்திரிகையில் அச்சடிக்க ஆரம்பித்த வடிவங்கள் அவை. ணா, றா, னா, அவற்றின் ஒகர ஓகாரங்கள், அப்புறம் ணை, லை, ளை, னை என்று மொத்தம் 13 எழுத்துகள் மாறின. உங்கள் ஊர்ப் பெயரைப் பாருங்கள். ஏழு எழுத்துக்குள் 'ணா' ஒன்று, 'லை' ஒன்று, இரண்டுமே மாறியவை! தமிழ்நாட்டு ஸ்டேஷன் பெயர்களில் ஒரு போர்டின் வயதைச் சொல்ல இதைவிட நல்ல பெயர் கிடைப்பது கஷ்டம். மானாமதுரையில் ஒன்றுதான், பாளையங்கோட்டையில் ஒன்றுதான். 1975இல் உங்கள் போர்டில் 'ணா' என்பது இரண்டு உருவாக இருந்திருக்காது. 'ண'-வின் கடைசிக் கால் கீழே இறங்கி அங்கேயே சுழித்துக்கொள்ளும், துணைக்கால் கிடையாது. 'லை'-க்கு முன்னால் இரட்டைச் சுழிக் கொம்பு நிற்காது. 'ல'-வின் தலையில் இருந்து யானைத் துதிக்கை மாதிரி ஒரு வளைவு எழும்பி நிற்கும். பழைய முறையில் ஏழே உருவங்களில் முடிந்த பெயர் புது முறையில் ஒன்பது உருவம் ஆகிவிட்டது. டைப்ரைட்டருக்கும் அச்சுக் கோப்பவருக்கும் சீர்திருத்தம் பெரிய உபகாரம், எங்களுக்கு பலகையில் இடம் குறைந்ததுதான் மிச்சம். கீழே ஆங்கிலத்துக்கு 14 எழுத்து, அது அப்போதும் இப்போதும் அதேதான்.

போர்டுகள் 1978லேயே மாறிவிட்டன என்று நினைக்காதீர்கள். மாநில அரசாணை ரயில்வேயைக் கட்டாது, பெயிண்டர் கையையும் கட்டாது. நான் தொழிலுக்கு வந்தபோது வாத்தியார் துதிக்கை 'லை'தான் போட்டுக்கொண்டிருந்தார். பள்ளியில் புது எழுத்துப் படித்த பையன்கள் தலையெடுத்த பிறகுதான் எல்லா இடத்திலும் மாறியது. ஆக 1975 என்றால் சந்தேகமே இல்லை, பழைய எழுத்துதான் போட வேண்டும். 1985 என்று கேட்டிருந்தால் எது வேண்டுமானாலும் இருந்திருக்கலாம் என்று சொல்லியிருப்பேன்.

நடு வரியைப் பற்றியும் சொல்லாமல் போக முடியாது. 1952 ஆகஸ்ட் 1 அன்று ரயில் நிலையப் போர்டுகளில் இந்தி எழுத்தைத் தார் பூசி அழிக்கும் போராட்டத்தைப் பெரியார் நடத்தினார், அடுத்த ஆண்டுகளிலும் அது தொடர்ந்தது. 1953 ஜூலை 15 அன்று டால்மியாபுரம் ஸ்டேஷனில், ஊருக்கு வடநாட்டு முதலாளி டால்மியாவின் பெயர் வேண்டாம், பழைய பெயரே வேண்டும் என்று கருணாநிதியும் தோழர்களும் போர்டின் மேல் "கல்லக்குடி" என்று எழுதிய தாளை ஒட்டிவிட்டுத் தண்டவாளத்தில் படுத்தார்கள். அன்றைய போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். ஒரு ஸ்டேஷன் பெயர்ப்பலகைக்காக உயிர் போன ஊர் நம்முடையது. 2025 பிப்ரவரியில்கூட பொள்ளாச்சியிலும் பாளையங்கோட்டையிலும் இந்தி வரியைக் கறுப்பு அடித்தார்கள், உடனே திருப்பி எழுதிவிட்டார்கள். சரியா தப்பா என்ற வாதத்துக்கு நான் வரவில்லை, பெயிண்டராக ஒன்று மட்டும் சொல்கிறேன். தார் சாதாரண கறுப்பு பெயிண்ட் மாதிரி இல்லை. அதன் மேல் நேராக மஞ்சள் எனாமல் அடித்தால் அன்றைக்கு நன்றாக இருக்கும். நாலைந்து வெயில் பட்டதும் உள்ளே இருந்து பழுப்பாகக் கசிந்து மேலே வரும். மறுபடி அடித்தாலும் மறுபடி வரும். தாரைச் சுரண்டி எடுத்து, மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, அலுமினியம் பெயிண்ட் ஒரு கோட்டிங் கொடுத்து மூடி, அதன் மேல் வெள்ளை, அதன் மேல் மஞ்சள் அடித்தால்தான் அடங்கும். 80களில் ஒரு பழைய போர்டைச் சுரண்டும்போது நடு வரியில் மட்டும் பெயிண்ட் ரொட்டி மாதிரி தடித்து இருந்ததைப் பார்த்திருக்கிறேன். மேல் வரியிலும் கீழ் வரியிலும் அதில் பாதி கனம்கூட இல்லை.

இனி மஞ்சள். இணையத்தில் சுற்றும் விளக்கங்களை நானும் படித்தேன், மஞ்சள் மனத்துக்கு இதமாம், அதனால் டிரைவர் உற்சாகமாக இருப்பாராம். அதை விட்டுத்தள்ளுங்கள். மஞ்சளில் கறுப்பு தூரத்திலும் மங்கிய வெளிச்சத்திலும் நன்றாகத் தெரியும், இது உறுதி. ரயில்வேயில் சிவப்பு என்றால் நில், பச்சை என்றால் போ, அந்த இரண்டையும் பலகைக்கு எடுக்க முடியாது என்பதும் நியாயமான காரணம்தான். அதோடு போர்டு தனியாக மஞ்சளாக இல்லை, தண்டவாள ஓரத்தில் டிரைவர் படிக்க வேண்டிய பலகைகளில் நிறைய மஞ்சளும் கறுப்பும்தான். கேட்டுக்கு முன்னால் விசில் அடிக்கச் சொல்லும் டபிள்யூ/எல் பலகை, வேகக் கட்டுப்பாடு முடியும் இடத்தில் டி/பி, டி/ஜி வட்டப் பலகை எல்லாம் அப்படி. வெள்ளைப் பலகை நிலக்கரிப் புகையில் ஒரு வருஷம்கூடத் தாங்கியிருக்காது என்பது என் ஊகம், 1975இல் உங்கள் பாதையில் ஓடியது பெரும்பாலும் நீராவிதான் என்பதால் சொல்கிறேன். ஆனால் தனியார் ரயில் கம்பெனிகள் காலத்துப் படங்களைக் காட்டி அப்போதும் மஞ்சள்தான் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள், கறுப்பு வெள்ளைப் படத்தில் எல்லா நிறமும் சாம்பல்தான்.

போர்டின் அடியில் கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் என்று ஒரு எண் இருக்கும். அதைப் பார்த்துத்தான் டிரைவர் ஏற்றத்துக்கு எஞ்சின் வேகத்தைக் கூட்டுகிறார் என்று ஒரு கதை. ஏற்ற இறக்கத்தைச் சொல்லப் பாதை ஓரத்தில் தனியாகச் சரிவுக் கம்பம் நட்டிருக்கிறது, அதுபோக அந்தப் பாதை டிரைவருக்கு மனப்பாடம். சர்வே செய்து பாதை போட்ட எஞ்சினியர்களின் கணக்கு அது, போர்டிலும் தங்கிவிட்டது என்பதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. மேட்டுப்பாளையத்தில் 326 மீட்டரில் கிளம்பி ஊட்டியில் 2203 மீட்டரில் போய் நிற்கும் வண்டியில் அந்த எண் பயணிக்கு ஒரு பெருமை. மற்ற ஊர்களில் பிள்ளைகள் வாய்விட்டுப் படிக்க உதவும். மாடலில் போட மறக்காதீர்கள், மீட்டரில் போடுங்கள்.

ஸ்டேஷன் குறியீட்டையும் எங்காவது சின்னதாக வைக்க விரும்பினால் டி.என்.எம். என்று வையுங்கள், நம் பக்கம் ஊர்ப் பெயர் மாறினாலும் பல இடங்களில் குறியீடு பழையதாகவே இருக்கிறது. திருச்சி இன்னும் டி.பி.ஜே. தான், டிரிச்சினாப்பள்ளி ஜங்ஷன் என்ற பழைய பெயரின் மிச்சம். மயிலாடுதுறை எம்.வி., மாயவரம். 2019இல் சென்னை சென்ட்ரலுக்கு எம்.ஜி.ஆர். பெயரைப் பட்டத்தோடும் இனிஷியலோடும் முழுதாக வைத்தபோது எங்கள் கடையில் ஒருவர் சொன்னார், எழுத்துக்கு இத்தனை ரூபாய் என்று கூலி வாங்கிய காலமாக இருந்திருந்தால் அந்த ஒரு போர்டில் வீடு கட்டியிருக்கலாம் என்று. அதற்கும் குறியீடு இன்னும் எம்.ஏ.எஸ்., மெட்ராஸ்.

என் முதல் ரயில்வே போர்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு உபயோகப்படும். கடலோரம் ஒரு சின்ன ஸ்டேஷன், பெயர் வேண்டாம். வாத்தியார் டீ குடிக்கப் போன நேரத்தில் மேல் வரியை நானே எழுதிவிடலாம் என்று ஆரம்பித்தேன். சாக்பீஸ் தடவிய நூலைக் கட்டி இழுத்துவிட்டு மேல்கோடு கீழ்கோடு போட்டேன், அதுவரை ஒழுங்கு. பலகை அகலத்தை எழுத்து எண்ணிக்கையால் வகுத்து எல்லாவற்றுக்கும் ஒரே இடம் ஒதுக்கினேன், அங்கேதான் தப்பு. தமிழில் 'ர' ஒரு பங்கு என்றால் 'ண' இரண்டு பங்கு, 'ணி' அதற்கும் மேலே. ஒவ்வொரு பெரிய எழுத்தும் அடுத்தவன் இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டே போய், கடைசி எழுத்து வரும்போது பலகை முடிந்துவிட்டது. ஓரத்தில் ஒட்டிக்கொண்டு எழுதி வைத்தேன். வாத்தியார் வந்து பார்த்தார், திட்டவில்லை. "ஏண்டா, கடைசி ஆளு மட்டும் டிக்கெட் எடுக்கலையா? படிக்கட்டுல தொங்குறான்" என்றார். கான்ட்ராக்டர் மறுபடி எழுதப் பெயிண்ட் தரமாட்டேன் என்றுவிட்டார். பல வருஷம் அது அப்படியே இருந்தது, அந்தப் பக்கம் வண்டியில் போகும்போதெல்லாம் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

இப்போது பல ஸ்டேஷன்களில் ஒளி பிரதிபலிக்கும் ஷீட்டில் வினைல் வெட்டி ஒட்டுகிறார்கள். கம்ப்யூட்டரில் எந்தத் தமிழ் ஃபாண்ட் இருக்கிறதோ அதுதான் ரயில்வே எழுத்து. இரவில் பளிச்சென்று தெரிகிறது, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் புத்தகத்தில் படிக்க வரைந்த மெல்லிய எழுத்தை இழுத்துப் பெரிதாக்கி, உயரம் பத்தவில்லை என்று பக்கவாட்டில் நசுக்கி ஒட்டியதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. நூறு மீட்டர் தூரத்தில் இருந்து படிக்க, கொக்கியும் வாலும் ஒரே கோட்டுக்குள் அடங்க, சுழி அடைக்காமல் ஒரு தமிழ் எழுத்தை யாராவது வரைந்து கொடுத்தால் போதும், பெரிய செலவும் இல்லை. எங்கள் வாத்தியார்கள் அதற்கு வேண்டிய பாதி வேலையைப் போர்டு போர்டாகச் செய்து வைத்துவிட்டுத்தான் போனார்கள்.

உங்கள் போர்டுக்கு இப்படிச் செய்யுங்கள். ஃபாண்ட் தேடாதீர்கள். ஒரு பெரிய சார்ட் பேப்பரில் அரை இஞ்ச் பட்டை பிரஷ்ஷால் கறுப்பு போஸ்டர் கலரில் பெயரைக் கையால் எழுதுங்கள். பழைய 'ணா', பழைய 'லை'-க்கு 60களின் பாடப் புத்தகமோ பத்திரிகையோ ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நாலைந்து முறை எழுதினால் கை பழகிவிடும். அதைப் படம் எடுத்து உங்கள் அளவுக்குச் சுருக்கி அச்சடித்து ஒட்டலாம், சுருக்கும்போது கை நடுக்கம் எல்லாம் மறைந்துவிடும். மூன்று வரிக்கும் ஒரே கை வேண்டாம், இந்தியைக் கொஞ்சம் விறைப்பாக, பார்த்துப் பார்த்து வரைந்த மாதிரி எழுதுங்கள், என்னைப் போன்ற ஒருவன்தான் எழுதியிருப்பான். மஞ்சளுக்கு லெமன் எல்லோ வேண்டாம், கோல்டன் எல்லோவில் ஒரு சொட்டு வெள்ளை விடுங்கள், வெயிலில் வெளுத்த நிறம் வரும். தூணின் அடியில் வெற்றிலைக் கறை கொஞ்சம். கடைசி 'லை'-யை மட்டும் ஓரத்துக்குச் சற்று நெருக்கி எழுதுங்கள். தெரிந்தவர்கள் பார்த்தால் அது கையால் எழுதிய போர்டு என்று அங்கேதான் கண்டுபிடிப்பார்கள்.